மனநல மருத்துவமனைகளில் உறக்க மேம்பாடு

மனநல மருத்துவமனைகளில் உறக்க மேம்பாடு என்பது, உளநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அங்கேயே தங்கிச் சிகிச்சை பெறுவோர் போதுமான அளவிலும் ஒழுங்கான நேரத்திலும் உறங்குவதற்காக மேற்கொள்ளப்படும் முறைகளைக் குறிக்கும். வார்டின் ஒளி, ஒலி, வெப்பநிலை ஆகியவற்றைச் சீரமைத்தல், இரவுக் கண்காணிப்பு முறையை மாற்றுதல், உறக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை அளித்தல், மருந்துகளின் வகையையும் நேரத்தையும் மறுஆய்வு செய்தல், மறைந்திருக்கும் உறக்க நோய்களைக் கண்டறிதல் ஆகியன இவற்றுள் அடங்கும்.

கடுமையான உளநோய் உள்ளோரிடம் உறக்கக் குறைபாடு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய நாட்களிலேயே பலருடைய உறக்கம் குலைந்துவிடுகிறது. ஆயினும், அவர்கள் நலம்பெறச் சேர்க்கப்படும் வார்டே இரவு முழுவதும் எரியும் விளக்கு, கதவுகளின் ஓசை, மணிக்கொருமுறை நடைபெறும் கண்காணிப்பு ஆகியவற்றால் உறக்கத்துக்கு ஒவ்வாத இடமாக அமைந்துவிடுவதுண்டு. நோயாளியின் உயிரைக் காப்பதற்கான கண்காணிப்பும், அவர் நலம்பெறத் தேவையான உறக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

உறக்கமும் உயிரியல் கடிகாரமும்

மனிதரின் உறக்கம் இரண்டு செயன்முறைகளால் கட்டுப்படுத்தப்படுகிறது. முதலாவது, உறக்க அழுத்தம் ஆகும். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்க உணர்வு மிகுகிறது. உறங்கும்போது இது குறைகிறது. பகலில் நெடுநேரம் உறங்குபவருக்கு இரவில் உறக்கம் வராமைக்கு இதுவே காரணம். காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அடினோசின் செயற்படும் ஏற்பிகளைத் தடுப்பதனாலேயே விழிப்பு உண்டாகிறது.

இரண்டாவது, உயிரியல் கடிகாரம் ஆகும். மூளையின் கீழ்த்தளத்தில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே அமைந்துள்ள ஒரு சிறிய நரம்பணுத் தொகுதி இதன் தலைமைக் கடிகாரமாகச் செயற்படுகிறது. வெளி உலகின் ஒளியும் இருளும் இல்லாதவிடத்து, மனிதரின் இக்கடிகாரம் சராசரியாக 24 மணிநேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீண்ட சுழற்சியைக் கொண்டது. எனவே நாள்தோறும் காலை ஒளி அதனைத் திருத்தியமைக்க வேண்டியுள்ளது. காலை ஒளி கிட்டாத, இரவில் செயற்கை ஒளி மிகுந்த இடத்தில் வாழ்பவரின் கடிகாரம் சிறிது சிறிதாகப் பின்தள்ளப்பட்டு, அவர் நள்ளிரவுக்குப் பின் உறங்கி நண்பகலில் எழும் நிலை ஏற்படலாம். உயிரணுக்களில் இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விழித்திரையில் காட்சிக்கு உதவும் கோலணுக்கள், கூம்பணுக்கள் ஆகியவற்றைத் தவிர, ஒளியை நேரடியாக உணரும் மூன்றாவது வகை நரம்பணுக்களும் உள்ளன என்பது 2002 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தப்பட்டது. இவற்றில் உள்ள மெலனோப்சின் என்னும் நிறமி, ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்குகிறது. இந்த நரம்பணுக்கள் உயிரியல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதோடு, இரவில் சுரக்கும் மெலட்டோனினின் அளவையும் ஒளியின் மூலம் குறைக்கின்றன. வார்டு விளக்குகளின் நிறத்துக்கும் நோயாளியின் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு இக்கண்டுபிடிப்பினால் தெளிவாயிற்று.

உறக்கமும் உளநோய்களும்

உறக்கக் குறைவு உளநோயின் ஓர் அறிகுறி மட்டுமே என நெடுங்காலம் கருதப்பட்டது. நோயைக் குணப்படுத்தினால் உறக்கம் தானே வரும் என்பது அக்கருத்தின் தொடர்ச்சியாகும். பின்னர் வந்த ஆய்வுகள், இத்தொடர்பு இருவழிப்பட்டது எனக் காட்டின. உளநோய் உறக்கத்தைக் குலைக்கிறது. குலைந்த உறக்கம் உளநோயை மேலும் கடுமையாக்குகிறது.

* இருமுனையப் பிறழ்வு: இந்நோயில் அளவு மீறிய எழுச்சியும் பரபரப்பும் கொண்ட பித்து நிலை தோன்றுவதற்கு முன்னர் உறக்கத் தேவை குறைவது வழக்கம். ஒருசில இரவுகள் உறக்கம் கெடுவதே சிலரிடம் பித்து நிலையைத் தூண்டிவிடுகிறது.
* மனச்சோர்வு: உறங்கத் தொடங்குவதில் தடை, விடியலுக்கு வெகுமுன்னரே விழித்தல் ஆகியன பொதுவாகக் காணப்படுகின்றன. சிலரிடம் அளவு மீறிய உறக்கமும் உண்டு.
* மனச்சிதைவு: உறங்கும் நேரம் ஒழுங்கற்றுப்போதல், இரவு பகல் தலைகீழாதல் ஆகியன காணப்படுகின்றன.
* பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோய்: கெட்ட கனவுகளும், உறங்குவதற்கே அஞ்சும் நிலையும் ஏற்படுகின்றன.

உறக்கத்தைச் சீர்செய்தால் உளநோய் அறிகுறிகள் குறையுமா என்பதைச் சோதிக்க, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் தலைமையில் ஐக்கிய இராச்சியத்தின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இதன் முடிவுகள் 2017 இல் வெளியாயின. இணையவழி உறக்கச் சிகிச்சை பெற்றவர்களிடம் உறக்கமின்மை குறைந்ததோடு, பிறர் தமக்குத் தீங்கு செய்வர் என்னும் ஐயுறவும் மாயப்புலனுணர்வுகளும் குறைந்தன. இவர்கள் மருத்துவமனை நோயாளிகள் அல்லர் என்றாலும், உறக்கக் குறைவு உளநோய் அறிகுறிகளுக்குக் காரணங்களுள் ஒன்றாகலாம் என்பதற்கு இது முக்கியச் சான்றாயிற்று.

உறக்கமின்மையும் கெட்ட கனவுகளும் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையன என்பதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே இரவில் நோயாளியை உறங்கவிடுவது வெறும் வசதி சார்ந்ததன்று. அது பாதுகாப்பின் ஒரு பகுதியும் ஆகும்.

வரலாறு

புளோரன்சு நைட்டிங்கேல் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில் இரைச்சலுக்கெனத் தனி இயலே ஒதுக்கினார். தேவையற்ற ஓசையும், உறங்கத் தொடங்கிய நோயாளியை எழுப்புவதும் நோயாளிக்குத் தீங்கு செய்வன என அவர் வலியுறுத்தினார்.

ஆயினும், 19 ஆம் நூற்றாண்டின் மனநல விடுதிகளில் உறக்கம் பெரும்பாலும் மருந்துகளாலேயே வரவழைக்கப்பட்டது. புரோமைடு உப்புகளும், 1869 முதல் குளோரல் ஐதரேட்டும் பயன்படுத்தப்பட்டன. 1903 ஆம் ஆண்டு பார்பிட்டால் அறிமுகமானதைத் தொடர்ந்து பார்பிட்டியூரேட்டு வகை மருந்துகள் பரவின. இவை அமைதிப்படுத்தியபோதும், பழக்க அடிமைத்தனமும் மிகையளவால் இறப்பும் ஏற்படக் காரணமாயின.

20 ஆம் நூற்றாண்டில் உறக்கத்தையே சிகிச்சையாக்கும் முயற்சி எழுந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சு நகரில் உள்ள பூர்கோல்ட்சுலி மருத்துவமனையில் யாக்கோப் கிளேசி என்பவர் 1920 அளவில், மருந்தின் மூலம் நோயாளிகளைப் பல நாட்கள் தொடர்ந்து உறங்கவைக்கும் முறையைக் கையாண்டார். அவருடைய தொடக்க நோயாளிகளுள் சிலர் உயிரிழந்தனர். இம்முறையின் மிக மோசமான விளைவு ஆத்திரேலியாவில் நிகழ்ந்தது. சிட்னியில் இருந்த செம்சுபோர்டு தனியார் மருத்துவமனையில் 1963 முதல் 1979 வரை ஆரி பெய்லி என்பவரின் மேற்பார்வையில் நடைபெற்ற ஆழ்ந்த உறக்கச் சிகிச்சையால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1988 முதல் 1990 வரை நடைபெற்ற அரச ஆணைக்குழு விசாரணை இதனை வெளிக்கொணர்ந்தது. மருந்தால் உண்டாகும் மயக்கநிலை இயல்பான உறக்கத்துக்கு ஈடாகாது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இதற்கு மாறாக, மருந்தில்லாத முறைகளும் வளர்ந்தன. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972 இல் தூண்டல் கட்டுப்பாட்டு முறையையும், ஆர்தர் இசுபீல்மனும் அவருடைய குழுவினரும் 1987 இல் உறக்க நேரக் கட்டுப்பாட்டு முறையையும் விவரித்தனர். இவ்விரண்டும் உறக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளாயின. 2016 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, வயதுவந்தோரின் நாட்பட்ட உறக்கமின்மைக்கு இச்சிகிச்சையையே முதற்சிகிச்சையாகப் பரிந்துரைத்தது.

வார்டில் உறக்கத்தைக் கெடுக்கும் காரணிகள்

* ஒளி: நடைவழி விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. கதவில் உள்ள கண்காணிப்புச் சாளரம் வழியாக ஒளி அறைக்குள் விழுகிறது. பகலிலோ அறையினுள் ஒளி போதாமல் இருக்கிறது. மேகமூட்டமான பகலில்கூட வெளியில் பல ஆயிரம் லக்சு ஒளி உண்டு. வழக்கமான அறையினுள் சில நூறு லக்சு மட்டுமே இருக்கும்.
* ஒலி: கதவுகளை அறைந்து மூடுதல், சாவிக்கொத்து, எச்சரிக்கை மணி, பணியாளர்களின் பேச்சு, பிற நோயாளிகளின் அலறல் ஆகியன. மருத்துவமனை வார்டுகளில் இரவுநேரச் சராசரி ஒலி 30 டெசிபெல் அளவையும், திடீர் ஒலிகள் 40 டெசிபெல் அளவையும் மீறலாகாது என உலக சுகாதார நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. மெல்லிய குரலில் பேசும் பேச்சே இவ்வளவை எட்டிவிடக்கூடும்.
* கண்காணிப்பு: குறித்த இடைவெளியில் செவிலியர் கதவைத் திறந்து, கைவிளக்கால் ஒளி பாய்ச்சி, நோயாளி மூச்சு விடுகிறாரா எனப் பார்ப்பது.
* படுக்கை: நீர் புகாத நெகிழித் தாள் போர்த்திய மெத்தை வியர்வையை உண்டாக்குவதோடு, புரளும்போது ஓசையும் எழுப்புகிறது. தற்கொலைக்குப் பயன்படக்கூடும் என்பதால் கயிறு, திரைச்சீலைக் கம்பி போன்றவை நீக்கப்படுவதனால் சாளரங்களுக்குச் சரியான திரை இல்லாமல் போவதும் உண்டு.
* அச்சம்: அறிமுகமில்லாதவரோடு ஒரே அறையில் உறங்க வேண்டியிருத்தல், பூட்ட இயலாத கதவு, விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டமை ஆகியவற்றால் உண்டாகும் பாதுகாப்பற்ற உணர்வு.
* வெறுமை: பகலில் செய்வதற்கு ஏதுமின்றிப் படுக்கையிலேயே கிடப்பதால் உறக்க அழுத்தம் குறைகிறது.
* கால அட்டவணை: இரவு மருந்து அனைவருக்கும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் முன்னிரவிலேயே கொடுக்கப்படுகிறது. 9 மணிக்கு உறங்கியவர் 3 மணிக்கு விழித்துக்கொண்டால், ஆறு மணிநேரம் உறங்கியிருந்தும் அவர் உறக்கமற்றவராகக் கருதப்பட்டு மேலும் மருந்து பெற நேரிடலாம்.
* மருந்துகள்: சில மனச்சோர்வு எதிர்ப்பிகள் விழிப்பைத் தூண்டுகின்றன. சில உளநோய் மருந்துகள் அமைதியாக இருக்க இயலாத கால் பரபரப்பை உண்டாக்குகின்றன. வேறு சில மருந்துகளால் உடல் எடை கூடி, உறக்கத்தில் மூச்சுத்தடை ஏற்படுகிறது.

உறக்கத்தை அளவிடுதல்

உறக்க ஆய்வின் முழுமையான முறை, மூளை மின்னலைகள், கண்ணசைவு, தசை இயக்கம், மூச்சு ஆகியவற்றை இரவு முழுவதும் பதிவு செய்வதாகும். கடும் நோய்நிலையில் உள்ளோர் பலர் இதற்கான மின்கம்பிகளைப் பொறுத்துக்கொள்வதில்லை. கம்பிகளே ஆபத்தாகவும் அமையலாம். எனவே வார்டுகளில் எளிய முறைகள் கையாளப்படுகின்றன.

மணிக்கட்டில் அணியும் அசைவுமானி, அசைவின் அளவைக் கொண்டு உறக்கத்தையும் விழிப்பையும் கணிக்கிறது. உறக்கமின்மைக் கடுமைச் சுட்டெண் என்பது ஏழு வினாக்களைக் கொண்டது. இதில் 0 முதல் 28 வரை மதிப்பெண் வழங்கப்படும். 1989 இல் வெளியான பிட்சுபர்க் உறக்கத் தரச் சுட்டெண்ணும் பரவலாகப் பயன்படுகிறது. மூச்சுத்தடையை ஐயுறுவதற்கு, கனடாவின் தொராண்டோவில் உருவாக்கப்பட்ட எட்டு வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்று பயன்படுகிறது.

வார்டுகளில் மிகவும் வழக்கமானது செவிலியர் நிரப்பும் உறக்க அட்டவணையே ஆகும். கண்ணை மூடி அசையாமல் படுத்திருப்பவரை உறங்குபவராகக் குறிப்பது எளிது என்பதால், இவ்வட்டவணை உண்மையான உறக்கத்தைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். "நன்றாக உறங்கினார்" என்னும் குறிப்பும், "இரவு முழுவதும் கண் மூடவில்லை" என்னும் நோயாளியின் கூற்றும் ஒரே நாளில் பதிவாவது இதனாலேயே. நோயாளியின் கூற்றையும் சேர்த்துப் பதிவு செய்வது இக்குறையை ஓரளவு போக்கும்.

மேம்பாட்டு முறைகள்

ஒளியும் இருளும்

பகலில் மிகுந்த ஒளியும் இரவில் இருளும் கிடைக்கச் செய்வதே இம்முறையின் நோக்கம். 2022 இல் வெளியான பன்னாட்டு அறிவியலாளர்களின் பரிந்துரை, மெலனோப்சின் துலங்கலை அடிப்படையாகக் கொண்ட அளவீட்டில், கண்ணை அடையும் ஒளி பகலில் குறைந்தது 250 லக்சாகவும், உறங்குவதற்கு முந்தைய மூன்று மணிநேரத்தில் 10 லக்சுக்கு மிகாமலும், உறங்கும்போது 1 லக்சுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் எனக் கூறுகிறது.

மருத்துவமனை அறையின் திசையே விளைவை ஏற்படுத்துவதாகச் சில ஆய்வுகள் காட்டின. கனடாவின் எட்மண்டன் நகரில் 1996 இல் வெளியான ஆய்வில், வெயில் படும் அறைகளில் தங்கிய மனச்சோர்வு நோயாளிகள் சராசரியாக 16.9 நாட்களிலும், மங்கிய அறைகளில் தங்கியோர் 19.5 நாட்களிலும் வீடு திரும்பினர். இத்தாலியின் மிலான் நகரில் 2001 இல் வெளியான ஆய்வில், கிழக்கு நோக்கிய அறைகளில் காலை வெயில் பெற்ற இருமுனைய மனச்சோர்வு நோயாளிகள் மேற்கு அறைகளில் இருந்தோரைவிடச் சராசரியாக 3.67 நாட்கள் முன்னதாகச் சென்றனர். இருமுனையம் அல்லாத மனச்சோர்வு நோயாளிகளிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. இவை இரண்டும் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டவை என்பதால், காரணத்தை உறுதியாக நிறுவுவன அல்ல.

பித்து நிலைக்கு இருளைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. மிலான் நகரில் 16 நோயாளிகள் தொடர்ந்து மூன்று நாட்கள் மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை இருண்ட அறையில் தங்கவைக்கப்பட்டனர். 2005 இல் வெளியான முடிவுகள், நோய் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் இருந்தோரிடம் நல்ல பயனைக் காட்டின. முழு இருளைப் பலரால் பொறுக்க இயலாது என்பதால், நோர்வே நாட்டில் நீல ஒளியை வடிகட்டும் செம்மஞ்சள் நிறக் கண்ணாடி சோதிக்கப்பட்டது. 2016 இல் வெளியான இவ்வாய்வில் 23 நோயாளிகள் பங்கேற்றனர். ஏழு நாட்கள் மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை இக்கண்ணாடியை அணிந்தோரின் பித்து நிலை, நிறமற்ற கண்ணாடி அணிந்தோருடையதைவிட விரைவாகத் தணிந்தது.

ஒலியைக் குறைத்தல்

கதவுகள் மெதுவாக மூடும்படி அமைத்தல், ஓசை எழுப்பாத காலணிகளைப் பணியாளர்கள் அணிதல், சக்கர வண்டிகளுக்கு எண்ணெய் இடுதல், இரவுப் பணியாளர்கள் வார்டிலிருந்து விலகிய அறையில் பேசுதல் போன்ற செலவு குறைந்த மாற்றங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. காதடைப்பான், கண்மறைப்பு ஆகியவற்றை வழங்கலாம். ஆயினும் கண்மறைப்பின் மீள்நாடா, ஆபத்து மிகுந்த நோயாளிகளிடம் தீங்காக அமையலாம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்கப்படுகிறது.

இரவுக் கண்காணிப்பை மாற்றியமைத்தல்

மனிதரின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுழற்சிகளாக அமைகிறது. மணிக்கொருமுறை எழுப்பப்படுபவர் ஒரு சுழற்சியைக்கூட முழுமையாக முடிப்பதில்லை. ஒவ்வொரு கண்காணிப்பும் நோயாளியை எழுப்பிவிடும் என்பதில்லை. எனினும் இலேசான உறக்கம் உடையோரும், தாக்குதலுக்கு உள்ளான முன்னனுபவம் உடையோரும் கதவு திறக்கும் ஓசைக்கே விழித்துக்கொள்கின்றனர்.

இதற்குத் தீர்வாகக் காக்கப்பட்ட உறக்க நேரம் என்னும் முறை உருவாக்கப்பட்டது. நோயாளியின் ஆபத்து நிலையை மருத்துவரும் செவிலியரும் மதிப்பிட்டு, ஆபத்து குறைந்தவர் எனக் கண்டால், குறிப்பிட்ட மணிநேரங்களுக்கு அவருடைய அறைக்குள் நுழைவது நிறுத்தப்படும். எல்லோருக்கும் ஒரே கண்காணிப்பு என்னும் நிலை மாறி, தேவைப்படுவோருக்கு மட்டும் மிகுந்த கண்காணிப்பு என்பது இதன் அடிப்படை.

நடத்தைச் சிகிச்சை

உறக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையின் முக்கியக் கூறுகள் வருமாறு:

* நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல்.
* உறக்கம் வரும்போது மட்டும் படுக்கைக்குச் செல்லுதல்.
* நெடுநேரம் உறக்கம் வராவிடில் எழுந்து, அமைதியான வேறு செயலில் ஈடுபடுதல்.
* படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல்.
* பகல் உறக்கத்தைக் குறைத்தல்.
* உறக்கம் பற்றிய அளவு மீறிய கவலையைக் கண்டறிந்து மாற்றுதல்.

வீட்டில் எளிதான இவ்விதிகள் வார்டில் எளிதல்ல. படுக்கையைத் தவிர அமர்வதற்கு வேறு இடம் இல்லாத அறையில், படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தும்படி கூறுவது பொருளற்றது. இரவில் எழுந்து நடைவழிக்கு வருபவரைத் திரும்பப் படுக்கைக்கு அனுப்பும் வழக்கமும் இச்சிகிச்சைக்கு முரணானது. எனவே அறையில் ஒரு நாற்காலி இடுவதும், இரவில் அமர மங்கிய ஒளியுள்ள அறை ஒன்றை ஒதுக்குவதும் சிகிச்சையின் பகுதியாகின்றன. படுக்கை நேரத்தைக் கடுமையாகக் குறைக்கும் முறை பித்து நிலையைத் தூண்டக்கூடும் என்பதால், இருமுனையப் பிறழ்வு உள்ளோரிடம் அது தவிர்க்கப்படுகிறது அல்லது மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்படுகிறது.

மருந்துகளும் காஃபீனும்

பென்சோடையசெப்பீன் வகை உறக்க மருந்துகள் விரைவாகப் பயன் தருவன. ஆனால் தொடர்ந்து உட்கொண்டால் அவற்றின் விளைவு குறைவதோடு, நிறுத்தும்போது உறக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். உறக்க மூச்சுத்தடை உள்ளோருக்கு இவை ஆபத்தானவை. குறட்டை விடும், பகலில் சோர்ந்திருக்கும் நோயாளியின் சோர்வு மருந்தால் வந்தது என எண்ணி மூச்சுத்தடை கவனிக்கப்படாமல் விடப்படுவதுண்டு.

காஃபீனின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகிறது. எனவே மாலையில் காஃபீன் நீக்கிய பானங்களை வழங்கும் வழக்கம் சில வார்டுகளில் உள்ளது. ஆயினும் காஃபீனைத் திடீரென நிறுத்துவது பாதுகாப்பானதல்ல. அது குளோசப்பின் என்னும் மருந்து கல்லீரலில் சிதைவதைத் தடுக்கிறது. லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதை மிகுவிக்கிறது. எனவே காபியின் அளவு மாறினால் இம்மருந்துகளின் குருதி அளவும் மாறும்.

குறிப்பிடத்தக்க முயற்சிகள்

ஆக்சுபோர்டு

ஆக்சுபோர்டில் பிரையனி சீவ்சு, டேனியல் ஃப்ரீமன் ஆகியோரின் குழு, கடும் நோய்நிலையில் சேர்க்கப்பட்ட 40 ஆண் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2018 இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றொரு குழுவினருக்கு அதனுடன் இரு வார உறக்கச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. வார்டுக்கு ஏற்பச் சுருக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சை, அசைவுமானி, ஒளியையும் இருளையும் முறைப்படுத்துதல் ஆகியன இதில் அடங்கியிருந்தன. உறக்கச் சிகிச்சை பெற்றோரிடம் உறக்கமின்மை பெருமளவு குறைந்தது. அவர்கள் சராசரியாக 8.5 நாட்கள் முன்னதாக வீடு திரும்பினர். இது ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு மட்டுமே. எனினும் கடும் நோய்நிலையிலும் நோயாளிகள் இச்சிகிச்சையை விரும்பி ஏற்பர் என்பதைக் காட்டியது.

வடகிழக்கு இங்கிலாந்து

கம்பிரியா, நார்தம்பர்லாந்து, டைன், வியர் பகுதிகளுக்கான தேசிய சுகாதார சேவை அமைப்பு, உறக்க மருத்துவர் கிர்சுட்டி ஆண்டர்சன் உள்ளிட்டோரின் வழிகாட்டலில் வார்டுகளின் உறக்கச் சூழலை மாற்றும் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. பணியாளர்களுக்கு உறக்கம் பற்றிய பயிற்சி, சேரும்போதே உறக்க நோய்களுக்கான சோதனை, ஆபத்து மதிப்பீட்டின் அடிப்படையில் காக்கப்பட்ட உறக்க நேரம் ஆகியன இதன் கூறுகள். இம்மாற்றம் நடைமுறையில் இயலக்கூடியது என 2020 இல் வெளியான அறிக்கை காட்டியது.

துரோன்யெம்

நோர்வே நாட்டின் துரோன்யெம் நகரில், புனித ஓலாவ் மருத்துவமனையின் உளநோய்ப் பிரிவில், மாலைநேரத்தில் நீல ஒளி நீக்கப்படும் வார்டு ஒன்று கட்டப்பட்டது. அதன் அருகிலேயே வழக்கமான விளக்குகள் கொண்ட அதே அமைப்புடைய வார்டும் இருந்தமையால், இரண்டையும் ஒப்பிட முடிந்தது. முதலில் நோயற்ற தன்னார்வலர்கள் அங்குத் தங்கவைக்கப்பட்டபோது, நீல ஒளி நீக்கப்பட்ட வார்டில் ஒளியால் மெலட்டோனின் குறைவது மட்டுப்பட்டது. பின்னர் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு வார்டுகளிலும் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2024 இல் வெளியாயின. மருத்துவமனையில் தங்கிய நாட்களில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் நீல ஒளி நீக்கப்பட்ட வார்டில் நோய்நிலையின் முன்னேற்றம் கூடுதலாகவும், வன்செயல் குறைவாகவும் இருந்தன. அறை நோக்கும் திசை பற்றிய முந்தைய ஆய்வுகள் எழுப்பிய எதிர்பார்ப்பை இம்முடிவு முழுமையாக நிறைவேற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

இரவில் கண்காணிப்பைக் குறைத்தபின் ஒரு நோயாளி இறந்தால் அதற்கு யார் பொறுப்பு என்னும் அச்சமே பெரும் தடையாக உள்ளது. அறைக்குள் நுழைந்து பார்த்த கண்காணிப்பு பதிவேட்டில் எழுதப்படுகிறது. அதனால் கெட்ட உறக்கம் எங்கும் எழுதப்படுவதில்லை. மறுபுறம், இடைவெளி விட்டுச் செய்யப்படும் கண்காணிப்பின்போதே தற்கொலைகள் நிகழ்ந்துள்ளன என்பதால், அம்முறை முழுப் பாதுகாப்பு அளிப்பதாகக் கொள்ள இயலாது என்றும் சுட்டிக்காட்டப்படுகிறது. உறக்கத்தைக் காப்பது என்பதை ஆளெண்ணிக்கையைக் குறைப்பதற்கான சாக்காகப் பயன்படுத்தலாகாது என்னும் கருத்தும் உண்டு.

அறைக்குள் நுழையாமலே, படக்கருவியின் மூலம் மூச்சையும் நாடித்துடிப்பையும் அளக்கும் கருவிகள் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. நோயாளியை எழுப்ப வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் படுக்கையறையில் படக்கருவி இருப்பது தனிமை உரிமையை மீறுகிறது என்றும், தாம் கண்காணிக்கப்படுவதாக ஏற்கெனவே அஞ்சும் நோயாளியின் அச்சத்தை அது உண்மையாக்கிவிடுகிறது என்றும் நோயாளர் உரிமைக் குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. நோயாளியின் ஒப்புதலே இவ்விவாதத்தின் மையமாக உள்ளது.

ஆய்வுகளின் அளவு சிறியதாக இருப்பதும், பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தனி அறைகள் கொண்ட வார்டுகளில் நடத்தப்பட்டமையும் வேறு குறைகளாகும்.

இந்தியாவில்

இந்திய மனநல மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் பலர் ஒரே கூடத்தில் உறங்குகின்றனர். அவ்விடங்களில் ஒருவருடைய உறக்கமின்மை மற்றவர்களையும் பாதிக்கும். அதே வேளையில், குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கும் வழக்கம் இந்தியாவின் தனிச்சிறப்பாகும். 1950களில் அமிர்தசரசில் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தினர் உடனிருக்கும் முறையைப் பின்பற்றியது. அறிமுகமான ஒருவர் அருகில் உறங்குவது இரவு அச்சத்தைத் தணிக்கக்கூடும். அவரே இரவுக் கண்காணிப்பாளராகவும் அமைகிறார். ஆனால் இதன் சுமை, பல இரவுகள் உறக்கமின்றிக் கழிக்கும் அக்குடும்பத்தினர் மீது விழுகிறது.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில் பாதுகாப்பான, தூய்மையான சூழலில் வாழும் உரிமையையும் தனிமைக்கான உரிமையையும் நோயாளிகளுக்கு அளிக்கிறது. உறக்கத்துக்கு உகந்த இரவுச் சூழலைக் கோருவதற்கு இவ்வுரிமைகள் அடிப்படையாக அமையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* உறக்கம்
* உறக்கமின்மை
* மெலட்டோனின்
* உயிரியல் கடிகாரம்
* இருமுனையப் பிறழ்வு
* அறிதல் நடத்தைச் சிகிச்சை